கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில், 2022 ஜூலை 17 ஞாயிறு மாலை சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கப்பல் பயணம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கப்பலில் போனதில்லை. போகாமலே 1,85,000 ரூபாயை விட்டவன். பணத்தை விட்டவனிடம் யோசனை கேட்பது நல்ல பழக்கம்தான். வங்கியில் நாங்களும் புதிதாகச் சேர்ந்த பையன்களை, ஒருமுறை கேஷில் குறைவு கண்டு கைப்பணம் போட்டுக் கட்டியவர் பக்கத்தில்தான் உட்கார வைப்போம்.

போன மாதம் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம் ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வரும் ஐந்து இரவுப் பயணம் இன்னொன்று. எனக்குத் தெரிந்து இங்கே நான்கு குடும்பங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு குடும்பம் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ஏறுவதாகத் திட்டம். இன்னொரு பக்கம் தொற்று மறுபடியும் ஏறுகிறது. மாநகராட்சி முகக்கவசத்துக்கு 500 ரூபாய் அபராதத்தை இந்த மாதம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அதனால் என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு எது பயன்படுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திருமணத்தின் நாற்பதாவது ஆண்டுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. 2022 ஜனவரி 14, பொங்கலன்று, மும்பையில் கப்பல் ஏறி 16ஆம் தேதி காலை இறங்க வேண்டும். நான், மனைவி, பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும், மகள், மாப்பிள்ளை, பதினாறு வயதுப் பேத்தி, ஒன்பது வயதுப் பேரன். ஆக எட்டுப் பேர், மூன்று அறை, எல்லாம் சேர்த்து 2,16,000 ரூபாய். அக்டோபரில் முழுப் பணமும் கட்டிவிட்டோம். முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்றுதான் சொன்னார்கள். முழுதும் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி என்றதும் வாயைத் திறந்துகொண்டு கட்டியது நான்.

அக்டோபரில் எல்லாம் அடங்கியது போலத்தான் இருந்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டிசம்பர் 2ஆம் தேதி கர்நாடகத்தில் ஒமைக்ரான், 15ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் ஆள். ஜனவரி 3ஆம் தேதி தொலைக்காட்சியில், மும்பையிலிருந்து கோவா போன ஒரு கப்பலில் சுமார் 2,000 பேர் இருக்க, அவர்களில் 66 பேருக்குத் தொற்று என்று செய்தி. கோவாவில் கொண்டாட்டமாக இறங்க வேண்டிய கப்பல் அப்படியே மும்பைக்குத் திரும்பியது. ஜனவரி 6 முதல் இங்கே இரவு ஊரடங்கு, 9ஆம் தேதி முதல் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. நாங்கள் இறங்கி வர வேண்டிய 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் கவனியுங்கள், எங்கள் கப்பலை யாரும் ரத்து செய்யவில்லை. அது போகத் தயாராக நின்றது. அரசாங்கம் நிறுத்தினாலோ கம்பெனி நிறுத்தினாலோ கதை வேறு. போகலாமா வேண்டாமா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற நிலைமையில்தான் பணம் போகிறது. ரசீதின் பின்பக்கத்தில் எல்லாம் போட்டிருந்தது. முப்பது நாளுக்கு முன் ரத்து என்றால் இவ்வளவு பிடித்தம், பதினைந்து நாளுக்கு முன் என்றால் இவ்வளவு, அதற்குள் என்றால் வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் திரும்ப வரும். ஒரே ஒரு சலுகை: புறப்பாட்டுக்கு ஏழு நாள் முன்புவரை எழுத்தில் கேட்டால், பணம் குறையாமல் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கடைசி நாள் ஜனவரி 7.

நான் கடிதம் எழுதியது ஜனவரி 8.

முப்பத்தைந்து வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைத்தால் எவ்வளவு வட்டி குறையும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். என் ரசீதின் பின்பக்கத்தை நான் முதல்முறையாகப் படித்தது ஜனவரி 5ஆம் தேதி இரவு. அதனால் கம்பெனியை நான் குறை சொல்ல முடியாது. அவர்கள் எழுதியபடி நடந்துகொண்டார்கள். எனக்கு 31,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி, கிட்டத்தட்ட என் ஐந்து மாத ஓய்வூதியம்.

5ஆம் தேதியே படித்துவிட்டு, 7ஆம் தேதிக்குள் ஏன் எழுதவில்லை? இதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில், மகனும் மருமகளும் வீடியோவில் இருக்கும்போது, என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம எட்டுப் பேர்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா, அவங்ககூட யார் இருக்கிறது? மத்தவங்க போறதா, நிக்கிறதா?"

மகன் "அதெல்லாம் வராதும்மா" என்றான். மகள் "பசங்களுக்கு வந்தா நான் இருந்துக்கறேன்" என்றாள். "அம்மாவுக்கு வந்தா?" என்று மருமகள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இரண்டரை நாள் எங்கள் வீட்டில் நடந்ததைச் சங்கக் கூட்டத்தில் சொல்ல முடியாது. போக வேண்டும் என்று மூன்று பேர், வேண்டாம் என்று மூன்று பேர், நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன், பேரன் கப்பலில் நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் பணம் கட்டியாகிவிட்டது, தேதி நெருங்குகிறது, ஒவ்வொருவர் சொல்வதும் இன்னொருவரைக் குத்துகிற மாதிரியே கேட்டது. கடைசியில் வேண்டாம் என்று முடிவானபோது ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது.

இதே கேள்வியை அக்டோபரில், பணம் கட்டும் முன் கேட்டிருந்தால் பத்து நிமிஷப் பேச்சு. யாருக்கும் கோபம் வந்திருக்காது.

கப்பலில் இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு, தொற்றின் ஆரம்ப நாள்களில் ஜப்பானில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். டைமண்ட் பிரின்சஸ் என்ற கப்பல். 2020 ஜனவரி 20ஆம் தேதி யோகோஹாமாவிலிருந்து கிளம்பியது. 25ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்குப் பிப்ரவரி முதல் தேதி தொற்று உறுதியானது. அவர் இறங்கியே ஒரு வாரம் ஆகிவிட்டது, கப்பலில் ஆட்டமும் பாட்டமும் அதுவரை நடந்துகொண்டுதான் இருந்தன. யோகோஹாமா திரும்பிய கப்பலை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார்கள். மொத்தம் 3,711 பேர். அதில் 712 பேருக்குத் தொற்று வந்தது. நம் நாட்டவர் 138 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் சமையல், துப்புரவு, பரிமாறுதல் என்று வேலை பார்த்தவர்கள். பயணிகள் அறைக்குள் அடைந்திருந்தபோது அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவர்கள். ஜன்னல் இல்லாத உள் அறைகளில் இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் கொஞ்ச நேரம் நடக்க அனுமதி. விலை குறைவு என்று நாம் முதலில் கேட்பது அந்த உள் அறையைத்தான், ஞாபகம் வையுங்கள்.

ரயிலிலோ காரிலோ போகும்போது ஒருவருக்கு முடியவில்லை என்றால் அடுத்த ஊரில் இறங்கிவிடலாம். கப்பலில் நாம் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அடுத்த துறைமுகம் ஏற்றுக்கொண்டால்தான் இறங்கலாம். துறைமுகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் விதி. போன மாதம் நம் சென்னைக் கப்பலைப் புதுச்சேரியில் அனுமதிக்கவில்லை, அதற்கும் கரோனாவுக்கும் சம்பந்தமில்லை, கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்ற பிரச்சினை. காரணம் எதுவாக இருந்தாலும், விளம்பரத்தில் போட்டிருக்கிற ஊரில் இறங்கியே தீருவோம் என்று நம்பி, அங்கே ஓட்டல் அறைக்கும் திரும்பி வர டிக்கெட்டுக்கும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து நாள் கணக்கு. இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்களுக்குச் சொன்ன விதி, பெரியவர்களுக்கு இரண்டு தவணை போட்டுப் பதினான்கு நாள் முடிந்திருக்க வேண்டும். கோவிஷீல்டுக்கு இரண்டு தவணைக்கும் இடையில் 84 நாள். 84ம் 14ம் 98. ஜனவரி 14இல் ஏற வேண்டுமென்றால் முதல் தவணை அக்டோபர் 8ஆம் தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்ட எங்கள் மாப்பிள்ளை முதல் ஊசி போட்டது அக்டோபர் 5. இரண்டாவது டிசம்பர் 28. பதினான்கு நாள் முடிவது ஜனவரி 11. மூன்று நாளில் தப்பித்தார். அந்த டிசம்பர் 28இல் அவருக்குக் காய்ச்சலோ, மையத்தில் மருந்து இல்லையோ, முடிந்தது கதை. பேத்திக்கு அதுவும் இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி தொடங்கியதே ஜனவரி 3. அவளுக்கும் பேரனுக்கும் பரிசோதனைச் சான்றுதான்.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம். 48 மணி நேரம் என்றால் முடிவு வந்த நேரத்திலிருந்து கணக்கு இல்லை, மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. 14ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்கு ஏற வேண்டும் என்றால் 12ஆம் தேதி 2 மணிக்கு மேல் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் செல்லாது, தாமதமாகக் கொடுத்தால் 13ஆம் தேதி மாலை விமானத்துக்கு முன் முடிவு வராது. எட்டுப் பேர், இரண்டு ஊர், எட்டு முடிவுகள். அந்த எட்டும் சரியாக வந்தால்தான் பயணம்.

இன்னொன்று, நம் குடியிருப்பில் போன மாதம் தொற்று வந்து குணமானவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உடம்பு சரியான பிறகும் சில வாரங்கள் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டலாம். உங்களால் யாருக்கும் ஆபத்து இருக்காது, ஆனால் கப்பல் வாசலில் நிற்பவர் கையில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பார். நீங்கள் கட்டப்போகும் பயணத்துக்குப் பரிசோதனை கேட்கிறார்களா, எந்தப் பரிசோதனை, குணமானவர்களுக்கு என்ன விதி என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை யாரும் பிறகு சொன்னதாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்று விதிகள் நிறையத் தளர்ந்துவிட்டன. சிங்கப்பூரிலேயே ஏப்ரல் 26 முதல், முழுத் தவணை போட்டவர்களுக்குப் புறப்படும் முன் பரிசோதனை வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது மட்டும் நம் ஏர் சுவிதா தளத்தில் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். அப்படிப் போகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு சாதாரணமில்லை. ஆதாரில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், கல்யாணமான பெண்களுக்குச் சில இடத்தில் கணவர் பெயர். என் மனைவிக்கு மூன்று ஆவணத்தில் மூன்று விதம். கோவின் தளத்தில் திருத்திக்கொள்ள வசதி இருக்கிறது. அதை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் செய்யாதீர்கள். பூஸ்டர் போடாதவர்களுக்கு, இப்போது இரண்டாம் தவணையிலிருந்து ஆறு மாதம் ஆனால் போதும். நேற்று முன்தினத்திலிருந்து 75 நாளுக்கு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம்.

இன்ஷூரன்ஸ் பற்றிப் பலரும் கேட்டீர்கள். நம்மிடம் இருக்கும் மெடிக்கிளெய்ம் பொதுவாக மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கொடுக்கும். ஓட்டல் அறையில் ஏழு நாள் தனித்திருந்த வாடகையை அதில் எதிர்பார்க்காதீர்கள். 2020 ஜூலையில் வந்த கரோனா கவச் பாலிசி வீட்டில் வைத்து எடுக்கும் சிகிச்சைக்கும் பணம் கொடுத்தது, ஆனால் அதில் சேரும் வயது 65 வரைதான். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே. பயணக் காப்பீட்டில் ரத்துக்கு இழப்பீடு என்று போட்டிருந்தால், எந்தெந்தக் காரணத்துக்கு என்ற பட்டியலைப் படியுங்கள். "பயமாக இருந்தது, போகவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. என் காரணம் அதுதான்.

மாதத் தவணையில் கட்டலாம் என்பார்கள். போகாத கப்பலுக்கு மாதாமாதம் கட்டுவது போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது, அந்த ஒரு தப்பை நான் செய்யவில்லை. வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்குகிறவர்களிடம் 5 சதவீதம் டி.சி.எஸ். என்று பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக நிற்கும், படிவம் 26ஏ.எஸ். பார்த்துத் திரும்பக் கேளுங்கள். பேச்சு வந்ததால் சொல்கிறேன், கணக்குத் தாக்கல் செய்ய இந்த மாதம் 31ஆம் தேதி கடைசி.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கப்பல் ஏறாத ஒருவர் உண்டு. என் அம்மா, வயது 86. மூன்று நாளைக்கு ஒரு பெண்ணைத் துணைக்கு ஏற்பாடு செய்திருந்தோம், அதோடு அம்மாவைப் பற்றிய திட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். 16ஆம் தேதி எட்டுப் பேரும் ஊர் சுற்றிவிட்டு இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வந்து, அம்மா பக்கத்தில் படுப்பதா? ஒருவருக்குத் தொற்று என்றால் அவர் எந்த அறையில், அம்மா எந்த அறையில், யார் சாப்பாடு கொடுப்பது? வேலைக்கு வரும் பெண் நம் தளத்தில் இன்னும் மூன்று வீட்டுக்குப் போகிறவள், அவளை வரச் சொல்வதா, நிறுத்துவதா, நிறுத்தினால் சம்பளம் யார் கொடுப்பது? 2020இல் ஒரு வீட்டில் வந்தால் தளம் முழுவதும் எப்படிப் பார்த்தார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகிற நாளைத் திட்டம் போட்ட நாங்கள் திரும்பி வரும் நாளைப் போடவில்லை.

கடைசியில் பயணத்தை நிறுத்தியதற்கு, எல்லோரும் கௌரவமாகச் சொல்லக்கூடிய காரணமாக "பாட்டிக்காக" என்று முடிவு செய்தோம். உறவினர்களுக்கும் அப்படியே சொன்னோம். அது அம்மா காதுக்குப் போனது. "என்னைக் கேட்டீங்களாடா? நான் போகாதேன்னு சொன்னேனா? ரெண்டு லட்சத்தை விட்டதுக்கு என் பேரா?" என்று பிடித்துக்கொண்டார். பொங்கல் முழுக்க அதே பாட்டு. திருச்சியில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் பணத்தைக் கடல்ல போட்டுட்டு என் தலையில கட்டிட்டான்" என்று அழுகை. அம்மா சொன்னது சரி. முடிவு எடுக்க எங்களுக்குத் தைரியம் இல்லை, அவரைக் காட்டிக்கொண்டோம். பணம் போனதைவிட இதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நிறுத்தியது சரியா என்று கேட்பீர்கள். தெரியாது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. போயிருந்தாலும் வந்திருக்காதோ என்னவோ. மகன் இப்போதும் "போயிருக்கலாம்ப்பா" என்கிறான். நான் பதில் சொல்வதில்லை.

இப்போது செப்டம்பரில் சென்னையிலிருந்து இரண்டு இரவுப் பயணத்துக்குப் பார்க்கிறோம். இன்னும் ஒரு பைசா கட்டவில்லை. போன ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். பேரப்பிள்ளைகளில் யாருக்காவது பாசிட்டிவ் வந்தால் மகள் நிற்பாள், மாப்பிள்ளை மற்றப் பிள்ளையோடு போவார். எனக்கோ மனைவிக்கோ வந்தால் நாங்கள் இருவரும் நிற்போம், மற்றவர்கள் கட்டாயம் போக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. மகனுக்கோ மருமகளுக்கோ வந்தால் அவர்கள் இருவரும். மாப்பிள்ளைக்கு வந்தால், அவர் தாமே சொன்னார், "நான் வீட்ல தனியா நிம்மதியா இருப்பேன், எல்லாரும் போயிட்டு வாங்க." திரும்பி வந்ததும் ஐந்து நாள் நானும் மனைவியும் மகள் வீட்டில், அம்மாவோடு என் தங்கை இங்கே. வேலைக்கு வரும் பெண்ணுக்கு அந்த ஐந்து நாள் சம்பளத்தோடு விடுமுறை. தேதி மாற்ற எது கடைசி நாளோ அதற்கு மூன்று நாள் முன்னால் போகலாமா வேண்டாமா என்று முடிவு, இறுதிச் சொல் என் மனைவியுடையது. எவ்வளவு போனாலும் யாரும் யாரையும் சொல்லிக் காட்டக் கூடாது என்று ஒரு தொகையும் எழுதியிருக்கிறோம். தொகையைச் சொல்ல மாட்டேன், போனதைவிடக் குறைவு.

எழுதி முடித்தபோது அம்மா தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். தன் பெயர் நிற்பவர்கள் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் ஏன் வரக் கூடாது? ரெண்டு ராத்திரிதானே" என்று கேட்டார். மூன்று தவணையும் போட்டவர், சக்கர நாற்காலி வேண்டாம், கைத்தடி போதும். காலையில் வெந்நீர் கிடைக்குமா, இட்லி உண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவர் வருவதானால் தாளை மறுபடி எழுத வேண்டும். திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்கிறேன்.

ரத்து விதிகளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் ரசீதைக் கட்டும் முன் கொண்டு வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.